முத்துப்பேட்டை இருட்டு அப்பிக்கொள்கிறது: அச்சுக்கு முன் எதைத் திருத்தலாம்?

குடமுருட்டி:
வணக்கம். நான் வரைந்திருப்பது பெரியவர்களுக்கான டார்க் ஃபேண்டஸி கிராஃபிக் நாவல். 112 பக்கம், கறுப்பு வெள்ளை, கூடவே சாம்பல் டோன். ஆடிப்பெருக்குக்கும் தண்ணீர் வராத ஒரு வருஷம், கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழியிலிருந்து ஒன்று எழுந்து பசியோடு கடைமடைக்கு இறங்குகிறது. அதற்கு ஒரு முனி துணை போகிறது. டம்மியை (அச்சுக்கு முந்தைய மாதிரிப் படியை) எட்டுப் பேரிடம் படிக்கக் கொடுத்ததில் வந்தவை:

41 முதல் 48 வரையிலான பக்கங்களில், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு இரவில், யார் துரத்துகிறார் யார் ஓடுகிறார் என்று ஐந்து பேருக்குப் பிடிபடவில்லை. வசனம் நெருக்கியடிக்கிறது என்றார்கள் நாலு பேர். 63-ஆம் பக்கத்துக் கொலையில் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டார். இருவர் "ரத்தம் இருக்கு, பயம் இல்லை" என்றார்கள். முனியை வில்லனாக்கியது ஒருவருக்கு வருத்தம்.

இன்க்ஜெட் பிரின்ட்டில் தெளிவாக இருந்த இரவுப் பக்கங்கள், அச்சகத்து ஆஃப்செட் மாதிரியில் சேறாகிவிட்டன. தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) மேப்லித்தோ, மேற்பூச்சு இல்லாத ரகம். தை மாதத்துக்குள் அச்சேற வேண்டும். எதை முதலில் தொடுவது?

கடைமடை:
முதலில் 41–48. வாசகர் மேல் குறையில்லை, தாளும் டோனும்தான் காரணம். மேப்லித்தோ மையை உறிஞ்சும், சாம்பலைக் காட்டும் நுண்புள்ளிகள் பரவும். கோப்பில் 80 விழுக்காடு சாம்பல் என்றால் அச்சில் அது ஏறக்குறைய கறுப்பு. இன்க்ஜெட் இதைக் காட்டிக்கொடுக்காது.

அதனால் சாம்பலை 20, 40, 60 என்று மூன்று படிகளோடு நிறுத்துங்கள். 60-க்கு மேல் தேவைப்படும் இடம் முழுக் கறுப்பாகட்டும். கோடுகளைத் தனி அடுக்கில் 1200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) பிட்மேப்பாக, அதாவது சாம்பலே இல்லாத கறுப்பு வெள்ளையாக, வையுங்கள், சாம்பலுக்கு 300 டிபிஐ போதும். இரண்டையும் சேர்த்து 300-இல் கொடுத்தால் கோட்டின் ஓரம் புள்ளிபுள்ளியாக உடையும். கறுப்பில் விடும் வெள்ளைக் கீறல் அரை பாயின்ட்டுக்குக் குறைந்தால் மை உள்ளே வந்து அடைத்துவிடும். மழைக் கீறல்கள் காணாமல் போவது இதனால்தான்.

தாளை 90 ஜிஎஸ்எம் ஆக்க முடியுமா பாருங்கள். 70-இல் முழுக் கறுப்புப் பக்கம் பின்பக்கத்து வெள்ளையில் நிழலாகத் தெரியும். தாள் மாற வழியில்லையென்றால் கறுப்புப் பக்கத்தின் பின்னால் வசனம் அதிகமுள்ள வெளிச்சப் பக்கம் வராமல் மாற்றி அமையுங்கள். மை காயுமுன் மடித்தால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும், அதையும் அச்சகத்தில் சொல்லிவையுங்கள். மொத்த அச்சுக்கு முன் 33–48 ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கத்தை) மட்டும் அதே தாளில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் இரவுக் காட்சி முழுக்க அந்த ஒரே ஃபாரத்தில் அடங்குகிறது.

அரசலாறு:
டோனை மட்டும் திருத்தினால் பாதிதான் தீரும், வரைதலிலும் வேலை இருக்கிறது. பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இரண்டு உருவமும் ஒரே கறையாகத் தெரிந்தால் அந்த பேனலை (படக் கட்டத்தை) மறுபடி வரைய வேண்டும். காயல் பக்கம் இரவில் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது தண்ணீர்தான், வானம் அதில் விழுவதால். சேறும் இலையும் கறுப்பு. ஓடுகிறவனைத் தண்ணீருக்கு முன்னால் நிறுத்துங்கள், துரத்துவதை மரத்துக்கு முன்னால் வையுங்கள். ஒருவன் வெள்ளை மேல் கறுப்பு, இன்னொன்று கறுப்பு மேல் வெள்ளை விளிம்பு. எட்டுப் பக்கமும் இந்த விதி மாறக்கூடாது. அரிக்கேன் விளக்கு கையில் இருந்தால் வெளிச்சம் கீழிருந்து வரும், தாடையும் மூக்கின் அடியும்தான் துலங்கும். உங்கள் 44-இல் நெற்றி மின்னுகிறது.

இன்னொன்று. காட்டு மரங்களின் வேர்களை வளைந்து இறங்கும் முட்டுவேர்களாகக் காட்டியிருக்கிறீர்கள். அவை சுரபுன்னைக்கு உரியவை, பிச்சாவரத்தில் நிறையப் பார்க்கலாம். முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பாலும் அலையாத்தி. அதன் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். பயத்துக்கு அதுவே மேல்: ஓடுகிறவன் எங்கே கால் வைப்பான்? சொந்த மண்ணை வரையும்போது வேர் தப்பினால் கடைமடைக்காரர் அந்த இடத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

சின்னச் சட்டத்தில் உருவத்தைப் பிரித்துக் காட்டக் கற்க தாராசுரம் கோயிலுக்குப் போங்கள். நாயன்மார் கதைச் சிற்பங்கள் மிகச் சிறியவை. ஆனாலும் நிற்கும் தோரணையிலேயே யார் அடியார், யார் எதிரி என்று தெரியும். மேலே பெயரும் பொறித்திருக்கிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:
சாம்பல் பற்றி கடைமடை அண்ணன் சொன்னதில் ஒரு மாற்றம்: காட்டுப் பக்கங்களில் சாம்பலே வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்தால் பகல் பக்கங்களின் சாம்பலிலிருந்து இரவு தானே பிரிந்து நிற்கும்.

வசனத்துக்கு வருகிறேன். தமிழ்ச் சொல் நீளம், அதனால் நெட்டையான வசனப் பலூன் ஒத்துவராது, அகலமாக வரையுங்கள். ஒரு பலூனில் 12 சொல்லுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். எழுத்து 9 பாயின்ட், வரி இடைவெளி 12. அதற்குக் குறைந்தால் மேல்வரி உகரச் சுழியும் கீழ்வரி இகரக் கொக்கியும் முட்டும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், வசனத்தைக் குறையுங்கள். "போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்தேன்" என்பதை "போறவனைப் பாத்தேன்" ஆக்கினால் இடமும் மிச்சம், பேச்சும் உயிரோடு இருக்கும். சொல்லை உடைத்தே ஆகவேண்டுமென்றால் "போய்க் / கொண்டிருந்தவனை" என்று ஒற்று மேல்வரியில் தங்கட்டும்.

டம்மியில் "கெ" சில இடங்களில் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது. ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை இயக்காததால் வருவது, பக்கம் அமைக்கும் இன்டிசைனில் என்றால் வேர்ல்டு ரெடி கம்போசரை இயக்க வேண்டும். ஒலிகளை ஃபான்ட்டில் போடாமல் கையால் எழுதுங்கள். சேற்றில் கால் "சொதக்", எலும்பு "நெறுநெறு". தைக்காமல் ஒட்டும் பைண்டிங் என்றால் உள் ஓரத்தில் 12 மில்லிமீட்டருக்குள் பலூன் வரக்கூடாது.

தில்லைவனம்:
63-க்கு வருவோம். மூடியவரும் "பயமில்லை" என்றவர்களும் ஒரே கோளாறைத்தான் சொல்கிறார்கள். 63 வலப்பக்கம். 62-ஐத் திறந்ததுமே கொலை கண்ணில் விழுந்துவிடுகிறது, அதற்கு முந்தைய பதைப்புக்கு நேரமே இல்லை. அதை 64-க்குத் தள்ளுங்கள், தாளைப் புரட்டினால்தான் தெரியும். 63-இல் வசனமில்லாத ஒரு பக்கம்: காலியான களம், வைக்கோல் போர், ஒரு செருப்பு. பழைய 64-ஐ 65-க்குள் சுருக்கினால் மற்ற பக்க எண் எதுவும் மாறாது.

ரத்தத்தைக் குறைத்துப் பசியைக் கூட்டுங்கள். நம் பரணிப் புலவர்கள் பேய்களைப் பாடியது அப்படித்தான்: ஒட்டிய வயிறு, போர்க்களத்தில் கூழ் காய்ச்சக் காத்திருக்கும் கூட்டம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் தாளம் போடும் காரைக்கால் அம்மையாரின் மெலிந்த உடலைப் பார்த்து வரையப் பழகுங்கள். வற்றிய ஆற்றிலிருந்து எழுவதற்கு அந்த உடம்புதான் பொருந்தும்.

முனி விஷயத்தில் அந்த ஒரு வாசகர் சொன்னதே சரி. முனி எல்லைக் காவல், பலருக்குக் குலசாமி. துணை போகிறது என்றால் ஏன் என்று கதை சொல்ல வேண்டும்: படையல் நின்றதா, எல்லைக் கல்லைப் பெயர்த்தார்களா? காரணம் இல்லையென்றால் அந்த இடத்தில் நீங்களே பெயரிட்ட ஒன்றை வையுங்கள். எந்தக் கோயில் சிலையின் முகத்தையும் ஆயுதத்தையும் அப்படியே எடுக்காதீர்கள். மயானக் காட்சியில் வெட்டியான் கோரமாக வந்திருப்பதையும் மாற்றுங்கள், ஒருவரின் தொழிலைப் பயமுறுத்தும் பொருளாக்குவது தவறு. நூல்களுக்கு சினிமாவைப்போல் தணிக்கைச் சான்று கிடையாது, ஆகவே "18 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்பதை முன் அட்டையிலேயே நீங்கள்தான் போட வேண்டும்.

குடமுருட்டி:
எல்லோருக்கும் நன்றி. வேர்களை மாற்றுகிறேன், காட்டில் சாம்பல் இல்லை. எல்லைக் கல்லைப் பெயர்க்கும் காட்சி மணல் குழியோடு 9-ஆம் பக்கத்திலேயே பொருந்துகிறது. அச்சகத்தில் 90 ஜிஎஸ்எம் விலை கேட்டிருக்கிறேன். புத்தகத்தின் முதுகு தடித்தால் அட்டை வடிவத்தைத் திரும்பப் போட வேண்டுமா?

கடைமடை:
ஆமாம். 112 பக்கம் என்றால் 56 தாள். தாள் முடிவானதும் அச்சிடாத வெற்று டம்மி ஒன்று அதே தாளில் கட்டச் சொல்லி, முதுகை அளந்த பிறகு அட்டையைப் போடுங்கள்.