கேரவனில் சிக்னலும் பிரேக் விளக்கும் குழம்பினால் முதலில் எர்த்தைப் பாருங்கள்

தாப்பா, பீடோர் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் வேலைக்கு வந்து, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்வரலாம் என்று பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கும் தம்பி கேட்டிருந்தார்: இடது சிக்னல் போட்டால் பின்பக்க விளக்குகள் எல்லாமே சேர்ந்து மினுக்குகின்றன, பிரேக்கை மிதித்தால் சிக்னல் மங்கிவிடுகிறது, பல்புகளை எல்லாம் மாற்றிவிடலாமா என்று. வேண்டாம், தம்பி. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பல்பைக் காட்டவில்லை, எர்த்தை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியைக் காட்டுகின்றன. தாப்பாவிலிருந்து மலை ஏறும் சாலையில் வளைவுக்கு வளைவு பிரேக் மிதிக்க வேண்டியிருக்கும் என்பதால், இதைச் சரிசெய்யாமல் கேரவனை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

முதல் வேலை, கோளாறு இழுக்கும் வண்டியிலா கேரவனிலா என்று பிரித்து அறிவது. கேரவனின் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்துவிட்டு, வண்டியின் சாக்கெட்டில் செருகியிருக்கும் கேரவன் பிளக்கைக் கழற்றுங்கள். வண்டியின் சொந்த பிரேக் விளக்கே எரியவில்லை என்றால் பியூஸையும் பிரேக் மிதிக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் பார்த்தால் போதும். அது எரிந்தால், 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்த சோதனை விளக்கை எடுத்துக்கொண்டு சாக்கெட்டுக்கு வாருங்கள். பிரேக்கை மிதித்துப் பிடிக்க ஆள் இல்லையா? சீட்டுக்கும் பிரேக் மிதிக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தால் ஆயிற்று. ஒரு வயரை வண்டியின் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், சுரண்டிய இரும்பில் பிடித்து, மற்றதைச் சாக்கெட்டின் உலோக முனைகளான பின்களில் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு சேஸிக்குப் பதிலாகச் சாக்கெட்டின் எர்த் பின்னில் பிடித்து அதையே திரும்பச் செய்யுங்கள். முதல் முறை எரிந்து இரண்டாம் முறை எரியாவிட்டால், வண்டிப் பக்கத்து எர்த் வயர்தான் போயிருக்கிறது. இதற்கு மல்டிமீட்டரை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. வயருக்குள் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். ஆனால் ஒரு 21 வாட் பல்புக்கு வேண்டிய ஏறத்தாழ 1.75 ஆம்பியர் அந்த இழை வழியாக ஒழுங்காகப் போகாது.

சாக்கெட் வரை எல்லாம் சரி என்றால் குற்றவாளி கேரவனில் இருக்கிறது. பின்விளக்குப் பெட்டியில் சிக்னல், பிரேக், வால் விளக்கு மூன்றும் ஒரே எர்த் வயரையே பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த வயர் அற்றுப்போனால் சிக்னலுக்கு வந்த மின்சாரம் திரும்ப வழியில்லாமல், பக்கத்தில் இருக்கும் வால் விளக்கின் 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, அதன் வயர் வழியாக மற்ற வால் விளக்குகளுக்குப் போய், அங்கே எர்த்தைத் தேடிக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்து மங்கலாக மினுக்குவது இதனால்தான். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு: நீளமான வயர் ஒன்றை வண்டி பேட்டரியின் நெகட்டிவிலிருந்து கொண்டுவந்து, அந்த விளக்குப் பெட்டியின் எர்த் முனையில் தொடுங்கள். உடனே எல்லாம் ஒழுங்காகிவிட்டால், வேறெங்கும் தேட வேண்டாம். கொக்கியின் இரும்பு உருண்டையே எர்த்தாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கிரீஸும் துருவும் பூசிய உருண்டை, குலுங்கும்போது ஒரு நேரம் தொடும், ஒரு நேரம் விடும். தனி எர்த் வயர் ஒன்றைப் பிளக்கிலிருந்து இரண்டு பின்விளக்குகளுக்கும் இழுத்துவிடுவதே நல்லது.

அடுத்து பல்பு மாட்டும் ஹோல்டர். மாலை மழையும் புழுக்கமும் சேர்ந்து இங்கே பித்தளையில் பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடிக்கும். மண்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சாகக் காப்புக் கிரீஸ் வையுங்கள். பிரேக்கும் வால் விளக்கும் சேர்ந்த 21/5 வாட் பல்பில் பக்கவாட்டு முள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். அழுத்தித் திருப்பி மாற்றிச் செருகினால் வால் விளக்கு பளிச்சென்று எரிய, பிரேக் விளக்கு மங்கிப்போகும். முன்பு வைத்திருந்தவர் ஒற்றை இழைப் பல்பைத் திணித்திருந்தால் இரண்டு முனைகளும் ஒன்றாகி, பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வால் விளக்கு வயரிலும் மின்சாரம் ஏறும்.

வயர் நிறத்தைப் பார்த்து இணைப்பவர்கள், கேரவன் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். ஆஸ்திரேலிய முறையிலும் ஐரோப்பிய முறையிலும் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், வெள்ளை எர்த், சிவப்பு பிரேக். ஆனால் கறுப்பு, ஆஸ்திரேலிய வண்டியில் ரிவர்ஸ் விளக்கு, ஐரோப்பிய வண்டியில் இடது வால் விளக்கு. நீலமும் அப்படித்தான்: ஆஸ்திரேலிய வண்டியில் கேரவனின் சொந்த பிரேக்குக்கு, ஐரோப்பிய வண்டியில் பின் பனிமூட்ட விளக்குக்கு. அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் சிக்னலும் பிரேக்கும் ஒரே பல்பில், மஞ்சள், பச்சை வயர்களிலேயே வரும். நம்மூர் வண்டியோடு சேர்க்க, தனித்தனியாக வரும் சிக்னலையும் பிரேக்கையும் ஒன்றாக்கும் கன்வர்ட்டர் ஒன்று இடையில் வேண்டும்.

எல்இடி மாற்றிய பிறகு சிக்னல் படபடவென்று வேகமாக அடித்தால் அது பழுது அன்று. மின்சாரம் குறைவாக இழுக்கப்படுவதால் பல்பு போய்விட்டதாக, சிக்னலை மினுக்கவைக்கும் ஃபிளாஷர் நினைக்கிறது. எல்இடிக்கு ஏற்ற ஃபிளாஷர் போடுவது நல்லது. அதற்குப் பதிலாக, மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கவைக்கும் 6 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போடுவதானால் அது கைவைக்க முடியாமல் சுடும் என்பதால், பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்பில் முடுக்குங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் பியூஸ் போனால், சேஸித் துளை வழியாக வயர் நுழையும் இடங்களைப் படுத்துப் பாருங்கள். ரப்பர் வளையம் இல்லாத துளை வயரின் தோலை அறுத்திருக்கும். செம்பனை மரத்தடியில் மாதக்கணக்கில் நின்ற கேரவன் என்றால் எலிக்கடியும் விளக்குக்குள் எறும்புப் புற்றும் சகஜம். விளக்கின் அடியில் இருக்கும் வடிகால் துளையைச் சிலிக்கான் வைத்து அடைக்காதீர்கள், உள்ளே புகுந்த நீர் அங்கேதான் வெளியேற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் டவுனில் ஒரு வயர்மேனிடம் கொண்டுபோங்கள். சாக்கெட்டில் எந்தெந்தப் பின் எரிந்தது, பேட்டரியிலிருந்து எர்த் தொட்டபோது என்ன மாறியது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தால், அவர் ஆரம்பத்திலிருந்து தேடும் நேரத்துக்கு நீங்கள் வெள்ளி கொடுக்க வேண்டியிருக்காது.