கடற்கரைப் பாதை யார் பொறுப்பு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. படகுத்துறையிலிருந்து தார்ச்சாலை வரை ஒரு மண் பாதை. மழை பெய்தால் முழங்கால் சேறு. போன வாரம் மீன்கூடையைத் தலையில் வைத்து வந்த எங்கள் சித்தி வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. கூடையில் இருந்த நகரை மீன் எல்லாம் சேற்றில்.

பாதையைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுக்கப் போனேன். ஒரு அலுவலகத்தில் இது ஒன்றியச் சாலை என்றார்கள். இன்னொன்றில், புறம்போக்கு, தாசில்தாரைப் பாருங்கள் என்றார்கள். இங்கேதான் குழப்பம். வளர்ச்சிப் பணிக்கு நாங்கள் மண்டபம் ஒன்றியம். பட்டா, சிட்டாவுக்கு இராமநாதபுரம் வட்டம். பக்கத்தில் பாம்பனும் அதே ஒன்றியம்தான், ஆனால் வட்டம் இராமேஸ்வரம். ஒன்றிய எல்லை வேறு, வட்ட எல்லை வேறு என்பது எனக்கே இப்போதுதான் புரிந்தது.

ஊராட்சித் தலைவரிடம் போகலாம் என்றால், 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பாதை ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது? புல எண்ணும் வரைபட நகலும் விஏஓவிடமே கிடைக்குமா, இல்லை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கணுமா? அப்புறம், கிராம சபையில் தீர்மானம் போட்டால் அதன் நகலை வைத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) நிதி கேட்க முடியுமா? தொண்டி, கீழக்கரைப் பக்கம் இப்படி மனு கொடுத்துப் பாதையைச் சரிசெய்ய வைத்தவர்கள் இருந்தால், மனுவை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கொடுத்துவிட வேண்டும்.