வான் டைக்கின் தலை மட்டும் உள்ள எச்சிங்: முடித்ததா, பாதியில் விட்டதா?

கேள்வி: கோட்டுக்கிறுக்கன்
வணக்கம். 17ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் வான் டைக் தன்னையே வரைந்த எச்சிங் (தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து எடுக்கும் அச்சுப்படம்) இரண்டு விதமாகக் கண்ணில் படுகிறது. ஒன்றில் வெறும் தலை. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார், கழுத்துப்பட்டைக்குச் சில கீறல்கள், கீழே வெற்றுத்தாள். இன்னொன்றில் அதே தலை பீடத்தின் மேல் மார்பளவுச் சிலையாக நிற்கிறது. எது அசல்?

பதில்: செப்புத்தகடு
தம்பி, இரண்டும் ஒரே தகடுதான். தலை வான் டைக் கையாலேயே போட்டது. 1641இல் அவர் லண்டனில் இறந்த பிறகு, ஆண்ட்வெர்ப் பதிப்பாளர் கிலிஸ் ஹெண்ட்ரிக்ஸ் அவருடைய உருவப்பட வரிசையை 1645இல் 100 படங்களாக வெளியிட்டார். அதற்கு முகப்பு வேண்டியிருந்தது. செதுக்குக் கலைஞர் யாகோப் நேஃப்ஸ் அந்தத் தகட்டிலேயே உளியால் மார்பையும் பீடத்தையும் செதுக்கிச் சேர்த்தார்.

பதினெட்டு வருடமாக எச்சிங் போடுகிறேன். கோட்டை வைத்தே கையைப் பிரிக்கலாம். மெழுகு பூசிய தகட்டில் ஊசி பேனா மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும், பள்ளம் தோண்டுவது அமிலம். அதனால் கோடு ஒரே தடிமனாகப் போய் முனை மொட்டையாக நிற்கும். உளியால் நேரடியாகச் செதுக்கிய கோடு கூராகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி கூராக முடியும். படத்தைப் பெரிதாக்கி முதலில் தலைமுடியைப் பாருங்கள், அப்புறம் பீடத்தை. முகத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளும் தெரியும். தோல் தோலாக இருப்பது அவற்றால்தான்.

என்னைக் கேட்டால், தலை மட்டும் உள்ளதே முழுப் படம்.

பதில்: மைவாசம்
அண்ணா, தலையை மேலே வைத்துக் கீழே அவ்வளவு இடம் விட்டிருக்கிறாரே? வரிசையில் பெரும்பாலான படங்களுக்கு அவர் மாதிரிப் படம் மட்டும் வரைந்து கொடுத்தார். வோர்ஸ்டர்மன், பொன்ஷியஸ் போன்றவர்கள் செதுக்கினார்கள். ஓவியர் ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸின் உருவப்படத்தையும் வான் டைக் தொடங்கி, நேஃப்ஸ்தான் முடித்தார். இதையும் அப்படி நினைத்தே வைத்திருக்கலாம்.

பதில்: செப்புத்தகடு
நியாயமான கேள்வி அம்மா. தகடு முடியும் முன் எடுத்துப் பார்த்த சோதனை அச்சு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்கு அதில் குறை தெரியவில்லை. பீடம்தான் உறுத்துகிறது: கலைந்த முடியும் உயிருள்ள கண்ணும் கல் உடம்பில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பார்வைக்கு வெற்றுத்தாள்தான் பொருந்துகிறது.

கோட்டுக்கிறுக்கன்
பெரிதாக்கிப் பார்த்தேன் அண்ணா. கழுத்துக்குக் கீழே போகப் போகக் கோடு வேறு ஆளாகிவிடுகிறது. இனி அந்த எல்லை என் கண்ணை விட்டுப் போகாது.