எட்டாவது படிக்கும் பையன் பள்ளியில் பாத்ரூமுக்கே போவதில்லை. என்ன செய்யலாம்?

செல்வி (சங்கரன்கோவில் பக்கம்):

என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு. கொஞ்ச நாளாகச் சாயங்காலம் வந்ததும் பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடுகிறான். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. சுகராக இருக்குமோ என்று டெஸ்ட் கூட எடுத்தோம், ஒன்றுமில்லை. தினமும் காலையில் வயிற்றுவலி என்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வலி வருவதே கிடையாது.

போன வாரம் போனைப் பார்த்தேன். வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில், இவன் பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கும் போட்டோவை ஸ்டிக்கர் ஆக்கி, எதற்கெடுத்தாலும் அதையே போடுகிறார்கள். கடைசியில் இவனும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் தாங்கவில்லை. கேட்டால் "சும்மா விளையாட்டும்மா" என்கிறான். வெளிநாட்டில் இருக்கும் அவன் அப்பா, "ஆம்பளப் பிள்ளை, தானா சரியாயிடும்" என்கிறார். இது விளையாட்டுதானா? பள்ளியில் போய்ச் சொன்னால் இன்னும் அதிகமாகிவிடுமோ?

முத்துப்பாண்டி:

அக்கா, ஒரே ஒரு தடவை திருப்பி அடிக்கச் சொல்லுங்க. அதோட எல்லாம் அடங்கிடும்.

கணக்கு வாத்தியார்:

தம்பி முத்துப்பாண்டி, திருப்பி அடிக்கிற தைரியம் இருந்தால் அந்தப் பையன் ஏன் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறான்? அடித்தாலும், எச்.எம். ரூமில் நிற்கப்போவது இவன் ஒருவன்தான். எதிரில் ஒரு கூட்டமே சாட்சி சொல்லும்.

செல்வி அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன். விளையாட்டு என்றால் இன்றைக்கு இவன் மாட்டுவான், நாளைக்கு இன்னொருவன் மாட்டுவான். தினமும் ஒருவனே மாட்டினால் அது விளையாட்டு இல்லை. வாத்தியார் கண் படாத இடம் பாத்ரூம்தான். பையன் அங்கே போகப் பயப்படுகிறான் என்று நினைக்கிறேன்.

"யார் அடித்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள், வாயே திறக்க மாட்டான். "இன்டர்வெல்லில் எங்கே நிற்பாய், சாப்பாட்டுக்கு யார் பக்கத்தில் உட்காருவாய்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். இடமும் நேரமும் முதலில் வரும், பெயர் அப்புறம் வரும்.

பள்ளிக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைத்து அனுப்பும் வழக்கம் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இன்டர்வெல்லில் பாத்ரூம் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும், அதைக் கேளுங்கள். பள்ளி அசையவில்லை என்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு, கல்வித்துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஜெயந்தி:

ஸ்டிக்கரைப் பற்றி ஒன்று. கோபத்தில் பையனை குரூப்பை விட்டு வெளியே வரச் சொல்லிவிடாதீர்கள். யார் போட்டது, என்றைக்குப் போட்டது என்று தெரிகிற மாதிரி முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பி வையுங்கள். பையன் ராத்திரி தூங்காமல் கிடந்தாலோ, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

செல்வி:

ஐயா சொன்ன மாதிரியே கேட்டேன். மதியம் மாடிப்படிக்குக் கீழே தனியாகத்தான் சாப்பிடுகிறானாம். பாத்ரூமில் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்களாம். ஊர்ப் பேரையும் தெருப் பேரையும் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம்.

கணக்கு வாத்தியார்:

தெருப் பேர் வந்துவிட்டால் அது வேறு விஷயம், சாதி விஷயம், அம்மா. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நம் பக்கத்துச் சங்கதிதானே. கூடப் படித்தவர்கள் படுத்திய பாட்டைச் சொன்னதற்கு, வீடு புகுந்து பையனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டார்கள், 2024-ல் அறிக்கையும் வந்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை. புகார் கொடுத்த பிறகு வரும் நாட்களில்தான் கவனம் வேண்டும். பள்ளி விடும் நேரத்துக்கு வீட்டு ஆள் ஒருவர் கேட்டில் நிற்கட்டும். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மனுவில் மழுப்பாமல் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், இரண்டு நாள் லீவில் ஆறிப்போகும். திங்கட்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே போய்விட்டால் எச்.எம். கையில் கிடைப்பார்.