வெள்ளத்துக்கு முன்னாடி ஊராட்சியும் பிஎச்சியும் (ஆரம்ப சுகாதார நிலையம்) சேர்ந்து எதை எழுதி வைக்கணும்?

பொருநைக்கரை:
அண்ணாச்சிமாரே, அலாஸ்காவுல பழங்குடி மக்களோட சுகாதாரக் கூட்டமைப்பு 2012ல லியோ நெட்வொர்க்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. உறைஞ்ச மண் இளகுது, கரை இடியுதுன்னா ஊர்க்காரங்களே தேதி, இடம், போட்டோவோட பதிவாங்க. துறை தெரிஞ்சவங்க பார்த்துப் பதில் சொல்லுவாங்க. நமக்குப் பனி கிடையாது, வெள்ளம் உண்டு. 2023 மார்கழி பிறப்புல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சே, அப்படி இன்னொண்ணு வந்தா ஊர் மட்டத்துல எதைப் பதியணும்? 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒண்ணு, 2 மீட்டர் விட்டத்துல உறைகிணறு ஒண்ணு இருக்கு.

வால்வடி:
முதல்ல தண்ணி. 33 சதவீதம் குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர்னா 1000 லிட்டருக்கு 4 கிராம். உங்க டேங்குக்கு 120 கிராம். பவுடரை அப்படியே டேங்குக்குள்ள தட்டிட்டா கட்டியா அடியில உக்காந்துக்கிடும். முதல் தெருவுல மூக்கைத் துளைக்கும், கடைசித் தெருவுல ஒண்ணுமே இருக்காது. ரெண்டு பிளாஸ்டிக் வாளியில பிரிச்சுப் போட்டு, கொஞ்சம் தண்ணி விட்டுக் கூழாக் குழைச்சு, பிறகு முக்கால் வாளி ஊத்திக் கலக்கிப் பத்து நிமிஷம் விடுங்க. சுண்ணாம்பு தங்கிரும். தெளிஞ்சதை மட்டும் டேங்க்ல ஊத்திட்டு மோட்டாரைப் போடுங்க, ஏறுற தண்ணியே கலக்கிக்கிடும். நிறைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வால்வு.

கிணத்துக்கு, விட்டம் × விட்டம் × தண்ணி ஆழம் × 785. எல்லாம் மீட்டர்ல. 5 மீட்டர் தண்ணின்னா 15,700 லிட்டர், 63 கிராம். வெள்ளம் புகுந்திருந்தா கலங்கலை இறைச்சிட்டுத்தான் மருந்து, சேறு குளோரினைத் தின்னுரும். ஆனா சுத்தி வெள்ளம் நிக்கும்போதே இறைச்சா உறை சரிஞ்சிரும். வடியட்டும்.

தெருமுனைக் குழாய்:
அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு. டேங்க் அடியில மட்டும் சோதிச்சு நோட்டுல எழுதுறது வீண் வேலை. கடைசித் தெருக் குழாய்ல பாருங்க. அங்க குளோரின் 0.2 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது, வெள்ள நேரத்துல 0.5 வேணும். குளோரின் இருந்தா தண்ணியை மஞ்சளாக்குற ஆர்த்தோ டோலிடின் சொட்டு விட்டதும் பத்து செகண்டுக்குள்ள நிறத்தைப் படிச்சிரணும். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா அழுக்கோட சேர்ந்து போன குளோரினும் மஞ்சளாக் காட்டும், எல்லாம் சரின்னு தோணும். டேங்க் அடியில மஞ்சள், கடைசிக் குழாய்ல நிறமே இல்லைன்னா சாக்கடை ஓரமாப் போற குழாய்ல ஓட்டை இருக்கான்னு பாருங்க. ரெண்டு இடத்துலயும் நிறம் இல்லைன்னா பவுடர் செத்துப்போச்சு. பிரிச்ச மூட்டையை மழைக்காலத்துல மோட்டார் ரூம்ல போட்டு வச்சா அப்படித்தான் ஆகும்.

வார்டு நோட்டு:
பொருநைக்கரை கேட்ட பதிவுக்கு வாரேன். டேங்க் ஆப்பரேட்டர் ஒரு நோட்டு வச்சிருப்பாரு, நர்ஸம்மா ஒரு நோட்டு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்ததே இருக்காது! தெருப் பேரும் தேதியும் ரெண்டுலயும் ஒரே மாதிரி எழுதி, வாரம் ஒருநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னால பக்கத்துல வச்சுப் பாருங்க. கீழத்தெருவுல திங்கக்கிழமை குளோரின் பூஜ்யம், வியாழக்கிழமை நாலு பேருக்கு வயித்துப்போக்குன்னா எங்க தோண்டணும்னு தெரிஞ்சுபோகும். அங்கன்வாடி, மெடிக்கல் ஷாப் கணக்கையும் சேருங்க. ஓஆர்எஸ் பாக்கெட் எங்க அதிகம் போகுதுன்னு மெடிக்கல்காரருக்குத்தான் முதல்ல தெரியும்.

வெள்ளத்துல நின்னவங்களைத் தனியா எழுதுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்புன்னா எலிக்காய்ச்சல் சந்தேகம், உடனே பிஎச்சி. எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை யாருக்குன்னு டாக்டர் சொல்லட்டும், கர்ப்பிணிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊரோட ஊரா அள்ளிக் குடுத்திராதீங்க. மழை விட்டுப் பத்து நாள்ல டெங்குக் கொசு பறக்கும், அதனால வாரம் ஒருநாள் தொட்டி, குடம் எல்லாம் தேய்ச்சுக் காயவைக்கணும்.

பொருநைக்கரை:
நன்றி. கரண்ட் இல்லாம லாரித் தண்ணி வந்தா?

வால்வடி:
5,000 லிட்டர் லாரிக்கு 20 கிராம், தெளிஞ்ச கரைசலா. நிரப்பும்போதே ஊத்திரணும், வர்ற குலுக்கல்ல கலந்துரும். நிரப்பி ஒரு மணி நேரம் ஆச்சான்னு டிரைவர்கிட்ட கேட்டு, சொட்டு விட்டு மஞ்சள் பார்த்த பிறகு குடத்தை வைக்கச் சொல்லுங்க.