எலக்ட்ரிக்கல் முடித்ததும் வேலையா, மேற்படிப்பா?

மின்பொறி: கடைசி செமஸ்டர் ஓடுகிறது. துணைமின் நிலையங்களில் கமிஷனிங் வேலை (புதிய கருவிகளைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவருவது) ஒன்று கையில் இருக்கிறது. பவர் எலக்ட்ரானிக்ஸ் முதுகலைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. எதற்குப் போகலாம்?

பழைய ரிலே: யோசிக்காமல் வேலைக்குப் போங்கள். டிஃபரன்ஷியல் ரிலேயை (டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்க மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் பிரேக்கரை விழ வைக்கும் கருவி) பரீட்சைக்கு எல்லாரும் படிக்கிறோம். களத்தில் ஒரு பக்கம் மின்னோட்டத்தை அளந்து ரிலேக்குக் கொடுக்கும் சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போலாரிட்டியை, அதாவது இணைப்புத் திசையை, மாற்றிக் கொடுத்திருப்பார்கள். கழிக்க வேண்டிய மின்னோட்டத்தை ரிலே கூட்டிவிடும். லோடு ஏறியதும் பிரேக்கர் விழும், டிரான்ஸ்ஃபார்மரிலோ ஒரு பழுதும் இருக்காது. டிராயிங்கை வைத்துக்கொண்டு டெர்மினல் டெர்மினலாகத் தேடி அதைப் பிடிக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

நானோஹென்றி: கமிஷனிங்குக்கு அது சரி. கன்வெர்ட்டர் (மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுற்று) டிசைனுக்குப் போக நினைப்பவருக்கு? சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் நானோசெகண்டுகளில் ஸ்விட்ச் ஆகிறது. பஸ்பாரில் (மின்னோட்டம் போகும் உலோகப் பட்டை) 20 நானோஹென்றி ஸ்ட்ரே இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும், வேண்டாமலே வந்துசேரும் தன்மை) இருந்து, மின்னோட்டம் நானோசெகண்டுக்கு 5 ஆம்பியர் வேகத்தில் மாறினால் 100 வோல்ட் ஸ்பைக். டிவைஸ் தாங்காமல் போகலாம். லேஅவுட்டை மாற்றி, டபுள் பல்ஸ் டெஸ்ட் (இரண்டு துடிப்பு கொடுத்து ஸ்விட்ச் ஆவதை அளக்கும் சோதனை) செய்து, அளக்கும் புரோபை எங்கே வைத்தால் அலைவடிவம் பொய் சொல்கிறது என்று பார்க்கவே மாதக்கணக்கில் ஆகும். புதிதாகச் சேர்ந்தவரிடம் எந்த மேனேஜர் அந்த அவகாசத்தைக் கொடுப்பார்? டெஸ்ட் ரிப்போர்ட் டைப் அடிக்கத்தான் உட்கார வைப்பார்கள்.

பழைய ரிலே: எல்லா லேபிலும் இதெல்லாம் நடக்கிறது என்று யார் சொன்னது? இரண்டு வருடமும் சிமுலேஷனிலேயே தீசிஸை முடித்தவர்களை நேர்காணல் எடுத்திருக்கிறேன். சாஃப்ட்வேரில் எந்த மாஸ்ஃபெட்டும் வெடிக்காது! கடன் வாங்கி அதற்குப் போவதா? இரண்டு வருடம் வேலை பார்த்தால் எந்தத் துறை பிடிக்கிறது என்றாவது தெரியும். அப்புறம் படிக்கலாம், சில கம்பெனிகள் படிப்புச் செலவையும் ஏற்கின்றன.

நானோஹென்றி: "அப்புறம்" என்று சொன்னவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? சம்பளம் பழகிவிடும், கணக்கு மறந்துவிடும். கடன் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான். உதவித்தொகை இல்லாத இடம் என்றால் நானும் தயங்குவேன்.

சும்மா வந்தவன்: வேலை கிடைக்காததால் எம்.இ. சேர்ந்தவர்களைப் பற்றி யாரும் பேசக் காணோமே. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான்.

பழைய ரிலே: இவருக்குத்தான் வேலை கையில் இருக்கிறதே, ஐயா.

மின்பொறி: உதவித்தொகை உண்டு. ஆனால் லேபில் ஹார்டுவேர் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

நானோஹென்றி: பேராசிரியரிடம் கேட்காதீர்கள், அங்கே இப்போது படிக்கும் மாணவரிடம் கேளுங்கள். கடைசியாக எந்த போர்டைச் செய்தீர்கள், எத்தனை தடவை எரிந்தது என்று கேளுங்கள். "எரியவே இல்லை" என்றால் வேலைக்கே போய்விடுங்கள்.

மின்பொறி: சரி, இன்றே மெயில் போடுகிறேன். வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கலாமா?

பழைய ரிலே: கேளுங்கள். சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.