முதியோர் வகுப்பு: முதல் வாரம் என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலராக எங்கள் ஊரில் வகுப்பு தொடங்கப்போகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள், சில பாட்டிகள். பெயர் கொடுக்கும்போதே "இந்த வயசுல எனக்கு ஏறுமா கண்ணு?" என்று தயங்குகிறார்கள். அந்தக் கூச்சம் முதல் நாளே போகவேண்டும்.

அ, ஆ-வில் ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. அவரவர் பெயர், பேரப்பிள்ளை பெயர், பஸ் போர்டு, ரேஷன் அட்டை என்று தொடங்கலாமா? 1990களில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அதில் வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால், முதல் வாரம் எப்படி நடத்தினீர்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

அப்புறம், நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் வருகிறவர்களை எவ்வளவு நேரம் உட்காரவைக்கலாம்? பார்வை மங்கியவர்களுக்கான பெரிய எழுத்து அட்டைகள் எங்கே கிடைக்கும்?